பக்கத்துத் தெருவுக்கும் வண்டி எதற்கு?

ஒரு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும் பயணங்களைப் பற்றி மட்டும் இங்கே எழுத விரும்புகிறேன். பள்ளிக்கூடம், நூலகம், விளையாட்டுத் திடல், நண்பன் வீடு, மாலை வகுப்பு, ஏதோ ஒரு பொருள் வாங்கிவர அனுப்பப்படும் கடை என்று ஒரு குழந்தையின் அன்றாட உலகத்தில் பெரும்பகுதி இந்தத் தொலைவுக்குள் அடங்கிவிடக்கூடியது; 8 வயதுக் குழந்தை அவசரப்படாமல் நடந்தாலும் 15 அல்லது 20 நிமிடத்தில் கடந்துவிடக்கூடியது. இந்தப் பயணங்களில் இன்றைய குழந்தைகள் போதுமான அளவு நடக்கிறார்களா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றே சொல்வேன். ஆனால் இதே பதிலைச் சொல்லும் பலரும் அடுத்த மூச்சிலேயே குழந்தைகளைக் குறைசொல்லத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கைப்பேசியும் சோம்பலும் சேர்ந்து குழந்தைகளை வீட்டுக்குள் கட்டிப்போட்டுவிட்டன என்பது பெரியவர்களுக்கு வசதியான விளக்கம். 6 வயதுக் குழந்தை வண்டிச் சாவியைத் தானாக எடுப்பதில்லை. நடந்து போகக்கூடிய இடத்துக்கு வண்டியில் போகலாம் என்று முடிவு செய்பவர்கள் எப்போதும் நாம்தான். அந்த முடிவை நோக்கி நம்மைத் தள்ளும் சாலைகளை அமைத்தவர்களும் பெரியவர்கள்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓரளவு மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 16 லட்சம் மாணவர்களின் விவரங்களைத் தொகுத்து ஓர் ஆய்வை வெளியிட்டிருந்தார்கள். 2016ஆம் ஆண்டு நிலவரப்படி 11 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 81 சதவீதம் பேர் நாளுக்கு 60 நிமிடம் என்ற அளவை எட்டவில்லை என்பதே அவர்கள் கண்டது; மாணவிகளில் இது 85 சதவீதம், மாணவர்களில் 78 சதவீதம். ஓட்டம், விளையாட்டு, நடனம், வீட்டு வேலை எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு இது. நடையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் நிலைமை இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. அமெரிக்காவில் 1969இல் 5 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 48 சதவீதம் பேர் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009இல் அது ஏறத்தாழ 13 சதவீதமாகச் சுருங்கியது.

பள்ளிகள் பெரிதாகி, ஊருக்கு வெளியே தள்ளிப் போய்விட்டதால்தான் இப்படி ஆனது என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். அது ஓரளவு உண்மைதான். ஆனால் அதே அமெரிக்கக் கணக்கெடுப்பில், பள்ளியிலிருந்து ஒரு மைல் தொலைவுக்குள், அதாவது 1.6 கிலோமீட்டருக்குள் குடியிருந்த குழந்தைகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, 1969இல் அவர்களில் 89 சதவீதம் பேர் நடந்தோ சைக்கிளிலோ போனதும், 2009இல் 35 சதவீதம் பேரே அப்படிப் போனதும் தெரியவந்தது. என்னை மிகவும் உறுத்தும் எண் இதுதான். இவர்களுக்குப் பள்ளி தள்ளிப் போகவில்லை, நடப்பதற்கான வலு குறையவுமில்லை. இடைப்பட்ட 40 ஆண்டுகளில் அந்தத் தூரத்தைப் பெரியவர்கள் பார்க்கும் பார்வைதான் மாறியிருக்கிறது.

60 நிமிடத்தை எப்படி எட்டுவது என்று யோசிக்கும் பெற்றோர் பெரும்பாலும் ஒரு வகுப்பைத் தேடுகிறார்கள். நீச்சல், கராத்தே, பூப்பந்து என்று வாரத்துக்கு இரண்டு மாலை. அவற்றில் தவறொன்றும் இல்லை. ஒரு விளையாட்டை முறையாகக் கற்பது குழந்தைக்குக் கிடைக்கும் பெரும் பேறு. ஆனால் வகுப்பு நடக்கும் ஒரு மணி நேரத்தில் கணிசமான பகுதி தன் முறைக்காகக் காத்து நிற்பதிலேயே போய்விடுகிறது என்பதை ஓரமாக உட்கார்ந்து பார்த்தவர்கள் அறிவார்கள். வாரத்தின் மற்ற ஐந்து நாட்களுக்கு அந்த வகுப்பு எதையும் செய்வதில்லை. அந்த வகுப்புக்கே குழந்தையை வண்டியில்தான் கொண்டுபோய் விடுகிறோம். இதற்கு மாறாக, 15 நிமிட நடைத் தொலைவில் இருக்கும் பள்ளிக்குப் போய்வரும் குழந்தைக்கு, யாரும் உடற்பயிற்சி என்று பெயர் சூட்டாமலே நாளுக்கு 30 நிமிடம் நடை கிடைத்துவிடுகிறது. மாலையில் நூலகத்துக்கோ நண்பன் வீட்டுக்கோ போய்வந்தால் இன்னொரு 20 நிமிடம். மெதுவாக ஊர்ந்து நடப்பது முழுமையாக அந்தக் கணக்கில் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் குழந்தைகள் ஒரே சீராக நடப்பவர்கள் அல்லர்: கொஞ்ச தூரம் ஓடுவார்கள், நடைபாதையின் விளிம்பில் கைகளை விரித்து நடப்பார்கள், பின்தங்கிவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்து சேர்ந்துகொள்வார்கள். கட்டணமோ கால அட்டவணையோ மன உறுதியோ தேவைப்படாத இயக்கம் இது. போக வேண்டிய இடம் இருப்பதால் தானாகவே நடந்துவிடுகிறது. நாள் தவறாமல் நடப்பதற்கு அதுவே காரணம்.

உடல் எடையைப் பற்றியே எல்லோரும் பேசுவதால், கண்களைப் பற்றியும் சொல்கிறேன். சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளின் முதல் வகுப்புக் குழந்தைகளை வைத்து நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2015இல் வெளியாயின. பாதிப் பள்ளிகளில் பள்ளி நாட்களில் 40 நிமிடம் கூடுதலாகக் குழந்தைகளைத் திறந்தவெளியில் இருக்கச் செய்தார்கள்; மற்ற பள்ளிகளில் வழக்கம்போலவே விட்டுவிட்டார்கள். மூன்று ஆண்டுகளில், வெளியே கூடுதல் நேரம் செலவிட்டவர்களில் 30.4 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 39.5 சதவீதம் பேருக்கும் புதிதாகக் கிட்டப்பார்வை ஏற்பட்டிருந்தது. வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் என்ற அலகில் சொன்னால், வகுப்பறையின் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் இருக்கும்; பகல் வெளிச்சம் நிழலிலும்கூட அதைவிடப் பல மடங்கு அதிகம். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் சுரப்பைக் கூட்டி, கிட்டப்பார்வைக்குக் காரணமாகும்படி கண் விழி நீளவாக்கில் அளவுக்கு மீறி வளர்வதைத் தடுக்கிறது என்பதே ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கம். பள்ளிக்குப் போகவும் வரவும் ஆகும் அரை மணி நேரம், கிட்டத்தட்ட அந்த 40 நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதை நாம் வேனுக்குள்ளும் காருக்குள்ளும் கழிக்கச் செய்கிறோம்.

இவையெல்லாம் அளந்து சொல்லக்கூடியவை. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது, நடக்கும் குழந்தைக்குத் தன் சுற்றுப்புறம் தெரியவருவது. அமெரிக்காவின் புரூஸ் ஆப்பிள்யார்டு என்ற ஆய்வாளர், கலிபோர்னியாவில் குழந்தைகளிடம் தங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடைப்பட்ட பகுதியை வரைபடமாக வரையச் சொல்லி ஆராய்ந்தார். எங்கும் காரிலேயே கொண்டுசெல்லப்பட்ட குழந்தைகளின் படங்களில், வீடும் பள்ளியும் வேறு சில இடங்களும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தனித்தனியே நின்றன. போக்குவரத்து குறைவான பகுதியில் நடந்தும் சைக்கிள் ஓட்டியும் திரிந்த குழந்தைகளின் படங்களிலோ தெருக்கள் ஒன்றோடொன்று இணைந்து, மரங்களும் நண்பர்களின் வீடுகளும் விளையாடும் மூலைகளும் நிறைந்திருந்தன. இதை நம்புவதற்கு எனக்கு ஆய்வேகூடத் தேவையில்லை. என் மகளும் நானும் நூலகத்துக்கு நடந்து போகத் தொடங்கிய பிறகு, எந்த வீட்டு வாசலில் நாய் கட்டப்பட்டிருக்கும், எந்தத் திருப்பத்தில் மழைநீர் தேங்கும், எந்த வீட்டுப் பாட்டி மாலையில் வாசலில் உட்கார்ந்திருப்பார் என்பதெல்லாம் என்னைவிட அவளுக்கு முன்னதாகத் தெரிந்துவிட்டது. அதே வழியில் பல மாதங்கள் அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தவள்தான். அப்போது எனது முதுகைத் தவிர வேறெதையும் அவள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வழியில் எதிர்ப்படும் பெரியவர்களுக்கும் அவளைத் தெரியும் என்பது, ஒரு பெற்றோராக எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல்.

இனி அச்சத்தைப் பற்றிப் பேச வேண்டும். பிள்ளையைத் தனியே அனுப்பத் தயங்கும் எந்தத் தாயையும் தந்தையையும் நான் கோழை என்று சொல்ல மாட்டேன். உலக அளவில் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணம் சாலை விபத்து என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டரும், 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 8 மீட்டரும் கடக்கின்றன. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருவதைக் கண்டு ஓட்டுநரின் கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் காய்ந்த சாலையில் முழுவதுமாக நின்றுவிடும் இடத்தில், 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்த காரின் ஓட்டுநர் அப்போதுதான் பிரேக்கை மிதிக்கத் தொடங்குகிறார். பார்த்துப் போ என்று குழந்தைக்கு அறிவுரை சொல்வதும் ஓரளவுக்கே உதவும். லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கு 20 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மேல் வேகமாக நெருங்கிவரும் வாகனத்தைச் சரியாகக் கணிக்கும் திறன் தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகளின் பார்வைக்கு இன்னும் வாய்ப்பதில்லை என்று கண்டார்கள். கவனக்குறைவு என்று நாம் கடிந்துகொள்ளும் பல தருணங்களில், குழந்தை உண்மையிலேயே பார்த்துவிட்டுத்தான் சாலையில் இறங்கியிருக்கும்.

அப்படியானால் வண்டியில் கொண்டுபோய் விடுவதுதானே சரி என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு மேயர் ஹில்மன் என்ற பிரிட்டன் ஆய்வாளர் 1990இலேயே தெளிவான பதிலைத் தந்துவிட்டார் என்பது என் கருத்து. இங்கிலாந்தில் 1971இல் 7, 8 வயதுக் குழந்தைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போய்வந்ததையும், 1990இல் அது 9 சதவீதமாகச் சரிந்ததையும் அவரும் உடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்தார்கள். அதே காலத்தில் அங்கே குழந்தைகளின் சாலை இறப்புகள் குறைந்துகொண்டே வந்தன. அதைச் சான்றாகக் காட்டிச் சாலைகள் பாதுகாப்பாகிவிட்டன என்று அரசுத் தரப்பில் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். சாலைகள் பாதுகாப்பாகவில்லை, அவற்றிலிருந்து குழந்தைகள் அகற்றப்பட்டுவிட்டார்கள் என்று ஹில்மன் எடுத்துக்காட்டினார். எந்தப் பள்ளி வாசலிலும் காலை மணி அடிப்பதற்கு முந்தைய 20 நிமிடம் நின்று பார்த்தால் அவர் சொன்னது புரியும். இரட்டை வரிசையில் நிற்கும் கார்கள், நடைபாதை மேல் ஏறித் திரும்பும் ஸ்கூட்டர்கள், பின்னோக்கி வரும் வேன்கள் என்று அங்கே குழந்தைகளை அச்சுறுத்தும் வாகனங்களில் பெரும்பாலானவை குழந்தைகளைக் கொண்டுவந்து விட்ட வாகனங்களே. நெரிசலைப் பார்த்து அஞ்சி, மறுநாள் இன்னொரு தாய் தன் குழந்தையை நடக்க விடாமல் வண்டியில் ஏற்றுகிறார். நெரிசலில் இன்னொரு வண்டி கூடுகிறது. இயந்திரம் சூடேறாத முதல் சில நிமிடங்களில், புகையைத் தூய்மைப்படுத்தும் அமைப்பு சரியாக வேலை செய்வதில்லை என்பதால், இத்தகைய குறுந்தொலைவு ஓட்டங்கள் தூரத்துக்குப் பொருந்தாத அளவு புகையையும் கக்குகின்றன. அந்தக் காற்றைத்தான் வாசலில் நிற்கும் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள்.

எல்லாக் குடும்பத்தாலும் நாளைக் காலையிலிருந்தே நடந்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. பெற்றோர் இருவரும் வேலைக்கு ஓட வேண்டிய வீட்டில், போகும் வழியில் பிள்ளையை இறக்கிவிட்டுப் போவதில் மிச்சமாகும் 15 நிமிடம் மிகப் பெரியது. நடைபாதையே இல்லாத சாலையிலும், சக்கர நாற்காலி ஏற முடியாத நடைபாதையிலும் ஒரு குழந்தையை விட்டுவிட்டு நடப்பது நல்லது என்று போதிக்க முடியாது. பெண் குழந்தைகளைப் பற்றிய கவலை வாகனங்களைப் பற்றியது மட்டும் அன்று. அதைக் காரணம் காட்டித் தம்பிக்குக் கிடைக்கும் உலாவலை அக்காவுக்கு மறுத்துவிடும் வீடுகளும் இருக்கின்றன, போதிய அளவு உடலை இயக்காத மாணவிகள் 85 சதவீதம், மாணவர்கள் 78 சதவீதம் என்று மேலே சொன்ன வேறுபாட்டில் அதற்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். இன்னொரு பக்கம், பள்ளிக்கும் தண்ணீருக்கும் பல கிலோமீட்டர் நடந்தே தீர வேண்டிய குழந்தைகளும் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்த நடையை நான் ஒருபோதும் போற்ற மாட்டேன். இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டத்துக்கான 2010ஆம் ஆண்டு மாதிரி விதிகள், 1 முதல் 5ஆம் வகுப்பு வரையிலான பள்ளி ஒரு கிலோமீட்டர் நடைத் தொலைவுக்குள் இருக்க வேண்டும் என்று சொல்வது, நடையின் அருமையோடு அதன் எல்லையையும் அறிந்து எழுதப்பட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

செய்ய முடியும் என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. அங்கே தொடக்கப் பள்ளிக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் இன்றும் நடந்துதான் பள்ளிக்குப் போகிறார்கள். பல ஊர்களில் ஒரே பகுதியைச் சேர்ந்த பிள்ளைகள் ஓரிடத்தில் கூடி, மேல் வகுப்பு மாணவர் ஒருவர் முன்னே நடக்க, சிறியவர்கள் வரிசையாகப் பின்தொடர்கிறார்கள். எந்தத் தெரு வழியாகப் போவது என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட ஒன்று. சாலையைக் கடக்கும் இடங்களில் பெற்றோரும் ஓய்வு பெற்ற முதியவர்களும் கொடியோடு நிற்கிறார்கள். பள்ளியை ஒட்டிய பல தெருக்களில் காலை வேளையில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. ஜப்பானியக் குழந்தைகள் இயல்பிலேயே கட்டுப்பாடு மிக்கவர்கள் என்று வியந்து பேசுவதை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன். அந்த வியப்பில் ஒரு பிழை இருக்கிறது: அங்கே கட்டுப்பாடு முதலில் சுமத்தப்பட்டிருப்பது பெரியவர்களின் மீதும் அவர்களுடைய வாகனங்களின் மீதும்தான்.

நெதர்லாந்தின் கதை இன்னும் கூர்மையானது. அந்தச் சிறிய நாட்டில் 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற பெயரிலேயே பெற்றோரும் மற்றவர்களும் இயக்கமாகத் திரண்டு, தெருக்களை மறித்து உட்கார்ந்தார்கள். குழந்தைகளும் பதாகை பிடித்தார்கள். வாகனங்கள் நடையின் வேகத்தில் மட்டுமே ஊர்ந்து போகக்கூடிய, நடப்பவர்களுக்கும் விளையாடும் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை உள்ள குடியிருப்புத் தெருக்களுக்கு அந்நாடு 1976இல் சட்ட அங்கீகாரம் தந்தது. இன்று அங்கே பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போவதைப் படங்களில் பார்த்து, அது அவர்களுடைய மரபு என்று நினைத்துக்கொள்கிறோம். போராடிப் பெற்றது அது. பிற்பாடு இத்தாலியின் போல்சானோ நகரம், பள்ளி தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் வாசல் தெருவை வாகனங்களுக்கு மூடிவைக்கும் முறையை 1980களின் இறுதியில் தொடங்கியது. இன்று ஐரோப்பாவின் பல நகரங்களில் அது நடைமுறையில் இருக்கிறது. நடப்பவர்களும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக மாநாட்டின் பிரகடனமும் சொன்னது.

அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கு, ஆஸ்திரேலியாவின் டேவிட் எங்விட் 1990களின் தொடக்கத்தில் முன்வைத்த யோசனையே போதும். பேருந்துக்கு இருப்பதைப் போலவே தடமும் நிறுத்தங்களும் நேரமும் வகுத்துக்கொண்டு, ஓரிரு பெரியவர்கள் வழிநெடுகக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு நடந்தே பள்ளி சேர்வதுதான் அது. ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு காலைதான் பொறுப்பு. வேலைக்கு ஓடும் பெற்றோருக்கு மற்ற நான்கு நாட்களில் நேரமும் மிச்சம். வீடு தொலைவில் இருந்தால், வாசல்வரை வண்டியைக் கொண்டுபோகாமல் அரைக் கிலோமீட்டர் முன்பே நிறுத்திவிட்டு அங்கிருந்து நடக்கலாம். அதனால் வாசலில் நெரிசல் குறைகிறது, குழந்தைக்கு நடையும் கிடைக்கிறது.

எங்கள் வீட்டில், ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் வண்டி இல்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். கடும் மழை, நோய், பெரிய சுமை ஆகியவை மட்டுமே விலக்கு. இதில் நான் முக்கியமாகக் கருதுவது, கூட நடக்கும்போது வழிநடத்தும் பொறுப்பைக் குழந்தையிடம் ஒப்படைப்பது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே சாலையைக் கடத்திவிட்டால், பத்து ஆண்டுகள் கூட நடந்தாலும் குழந்தை கடக்கக் கற்றுக்கொள்ளாது. எங்கே கடப்பது, எப்போது கடப்பது என்பதை அவளே சொல்ல வேண்டும். ஏன் இப்போது, ஏன் சற்று முன்பு இல்லை என்று நான் கேட்பேன். நிறுத்தியிருக்கும் இரு வாகனங்களுக்கு இடையிலிருந்து இறங்கக் கூடாது, வண்டி நின்றுவிட்டது என்று உறுதியான பிறகே அதன் முன்னால் போக வேண்டும், ஒரு வண்டி நின்றாலும் அதன் மறைவில் இன்னொன்று வரலாம் ஆகிய மூன்றையும் அவள் வாயாலேயே சொல்லும்வரை நான் பொறுத்திருந்தேன். அதன் பிறகு பத்தடி பின்னால் நடந்தேன். அப்புறம் தெருமுனையில் நின்றுகொண்டேன். தனியே அனுப்புவது ஒரே நாளில் எடுக்கப்படும் துணிச்சலான முடிவாக இருக்கத் தேவையில்லை.

பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது மதிப்பெண்களைப் பேசி முடித்த பிறகு, வாசல் தெருவைப் பற்றியும் கேளுங்கள். காலையில் அரை மணி நேரம் அந்தத் தெருவில் வாகனங்களை நிறுத்திவைக்க முடியுமா, யாரிடம் அனுமதி பெற வேண்டும், தடுப்பு அருகே யார் யார் எந்தெந்த நாள் நிற்கலாம், மாற்றுத் திறனாளிக் குழந்தைகளின் வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் எப்படி வழிவிடுவது, ஒரே பகுதியிலிருந்து வரும் பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளி தயாரித்துத் தருமா என்று கேட்டால், அடுத்த கூட்டத்துக்குள் குறைந்தது ஒரு தெருவிலாவது நான்கைந்து குழந்தைகளைச் சேர்த்து நடக்கத் தொடங்கிவிடலாம்.